விசுவாசத்துக்கு எதிர்ப்பு வந்தால் நிற்பதா, நகர்வதா? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போகும்படி இயேசுவே சொல்லியிருக்கிறார் (மத்தேயு 10:23). அப்புறம் ஏன் எதிர்ப்பை நேராகச் சந்திக்கச் சொல்கிறீர்கள்?

பதில்: ஓடிப்போனவர்கள் அடுத்த ஊரில் சும்மா இருக்கவில்லையே! அங்கேயும் அதே செய்தியைத்தான் சொன்னார்கள். இயேசுவின் செய்தியை ஊர் ஊராகச் சொன்ன அப்போஸ்தலர் பவுலைப் பாருங்கள். தமஸ்குவில் இரவோடு இரவாகக் கூடையில் இறங்கி மதிலைத் தாண்டித் தப்பினார். லீஸ்திராவில் கல்லெறிந்து, செத்துவிட்டார் என்று வெளியே இழுத்துப் போட்டார்கள். எழுந்து அதே ஊருக்குள் போனார். மறுநாள் தெர்பைக்குக் கிளம்பினாலும், சீஷர்களைத் திடப்படுத்தப் பிறகு லீஸ்திராவுக்கே திரும்பினார். இடம் மாறுவதில் தப்பில்லை. இடம் மாறியதும் வாயை மூடிக்கொள்கிறோமா என்பதுதான் கேள்வி.

கேள்வி: மறு கன்னத்தைக் காட்ட வேண்டியவர்கள் சட்டப்படி உரிமை கேட்கலாமா?

பதில்: தாராளமாக. பிலிப்பியில் பவுலையும் அவருடைய உடன் ஊழியர் சீலாவையும் விசாரிக்காமல் அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள், காலையில் ரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தார்கள். "நாங்கள் ரோமர், அவர்களே வந்து வெளியே அழைத்துப் போகட்டும்" என்ற பொருளில் பவுல் பதில் சொன்னார் (அப்போஸ்தலர் 16:37). ரோமக் குடிமக்களை விசாரிக்காமல் அடிப்பது சட்டத்துக்கு விரோதம் என்பதால், வந்தார்கள்! அந்த ஊரின் புதிய சபைக்கு அது ஒரு பாதுகாப்பாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். இயேசுவும் தம்மை அறைந்த சேவகனைத் திருப்பி அறையவில்லை. ஆனால், ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார் (யோவான் 18:23).

கேள்வி: நாமாகவே போய்ச் சவால் விட்டால் என்ன, பிரதர்?

பதில்: வேண்டாம். 2ஆம் நூற்றாண்டில் சிமிர்னா சபை எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. பிரிகியாவிலிருந்து வந்த குவிந்துஸ் என்ற கிறிஸ்தவர் தண்டனையை ஏற்கத் தானாகவே அதிகாரிகள் முன் போய் நின்றதோடு, வேறு சிலரையும் அதற்குத் தூண்டினார். தன்னைக் கொல்ல வைத்திருந்த காட்டு மிருகங்களைக் கண்டதும் நடுங்கிப்போய், விசுவாசத்தை விட்டு ரோமர் கேட்டபடி பலி செலுத்திவிட்டார். அதே ஊர் ஆயர் பாலிகார்ப், மற்றவர்கள் வற்புறுத்தியதால் பண்ணை வீட்டுக்கு ஒதுங்கினார். கடைசியாக அங்கேயும் தேடி வந்தபோது தப்பிக்க வழியிருந்தும் போகவில்லை. பிடிக்க வந்தவர்களுக்கே சாப்பாடு போடச் சொல்லிவிட்டு, ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டார். பிறகு 86 ஆண்டுகள் சேவித்த ராஜாவாகிய கிறிஸ்துவை எப்படித் தூஷிப்பேன் என்று கேட்டு, மரணத்தை ஏற்றார். ஒதுங்கியவரைத்தான் அந்தக் கடிதம் மெச்சுகிறது, தானாகப் போய் நின்றவரை அல்ல.

கேள்வி: சபைக்குள்ளேயே தவறு நடக்கிறது. கேட்டால் சண்டை வருமோ என்று தயக்கம்.

பதில்: வெளியாட்களிடம் வீரமாகப் பேசுகிற பலர் சபைக்குள் ஊமையாகிவிடுகிறோம். அந்தியோகியாவில் இயேசுவின் சீஷர் பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிடுவதை நிறுத்தினார். பவுல் அதை எல்லாருக்கும் முன்பாகவே கேட்டார், ஏனென்றால் அது எல்லாருக்கும் முன்பாக நடந்தது, மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போனது. உங்களுக்கு எதிராக ஒருவர் செய்த குற்றம் என்றால் மத்தேயு 18 சொல்கிறபடி முதலில் தனியாகப் போய்ப் பேசுங்கள். முதுகுக்குப் பின்னால் பேசுவது மட்டும் கூடாது.

கேள்வி: பயம் போகவே மாட்டேன் என்கிறது.

பதில்: சரி, இருக்கட்டும். பவுல் கொரிந்துவுக்குப் போனதே பயத்தோடும் நடுக்கத்தோடும்தான். பேதுருவும் யோவானும் இயேசுவைப் பற்றிப் பேசக் கூடாது என்று மிரட்டப்பட்டு விடுதலையானபோது, சபை மிரட்டல் ஓய வேண்டும் என்று ஜெபிக்கவில்லை, பேசத் தைரியம் கேட்டது (அப்போஸ்தலர் 4:29). நீங்களும் இரண்டு பேரையாவது சேர்த்துக்கொண்டு அதையே கேளுங்கள்.