ஊர்ச் சங்கங்கள் நாற்பது, ஐம்பது வருடத்தில் பணமில்லாமல் படுத்துவிடுவது ஏன்?

காரைக்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் எங்கள் சங்கத்துக்கு ஆறு வருடம் பொருளாளராக இருந்தேன். பழைய பேரேடுகளைத் தூசி தட்டிய அன்றே இதற்குப் பதில் கிடைத்துவிட்டது: ஆயுள் சந்தா.

1987-இல் தலைக்கு 500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். அப்போது ஆண்டுச் சந்தா 25. முழுத் தொகையும் வங்கியில் கிடந்திருந்தால் வட்டியே சந்தாவைத் தாண்டியிருக்கும். ஆனால் பாதியை அந்த வருட வரவாக எழுதி, ஆண்டு விழாப் பந்தலுக்கும் விருந்துக்கும் செலவழித்துவிட்டார்கள். ஐந்தொகை (சொத்து, கடன் இருப்புக் கணக்கு) எடுத்தே வளர்ந்த ஊரில் முதலை வரவில் சேர்த்திருக்கிறார்கள்! அப்பச்சியிடம் கேட்டால், "அன்னைக்கு எல்லாரும் கை நிறையக் கொடுத்தாக, யாருக்குப்பா தோணும்?" என்கிறார்.

மீதிப் பாதி வைப்பில் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் 12 சதவீதம் வட்டி; காவல்காரர் சம்பளம், கரண்டு, வீட்டு வரி எல்லாம் அதிலேயே நடந்தன. 2020-இல் 5.4 ஆனது. சம்பளமோ பத்து மடங்கு. நல்ல வட்டி வந்த காலத்தில் ஒரு ரூபாயைக்கூட முதலோடு சேர்க்கவில்லை.

கோயில் கணக்கில் இந்தத் தப்பு நடக்காது. அங்கே நகரத்தாருக்குப் புள்ளி வரி, அதாவது குடும்பக் கணக்கில் வாங்கும் வரி. கல்யாணமானால் ஒரு புள்ளி; சிங்கப்பூரில் இருந்தாலும் வரி உண்டு. மகன் கல்யாணம் முடித்தால் புதுப்புள்ளி. ஆயுள் சந்தாவிலோ அப்பா கட்டியதோடு சரி, மகனுக்குச் சங்கம் இருப்பதே தெரியாது. நகரத்தார் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாளில், தொழிலில் ஒதுக்கும் மகமை தர்மத்துக்குக் கொட்டியது. 1942-இல் ஜப்பான்காரன் நுழைந்ததும் அந்த ஊற்று அடைந்தது. புள்ளி வரி நிற்கவில்லை.

ஆயுள் சந்தாவை நிறுத்தி, வருடம் 600 என்று வைத்தோம். "ஒருதரம் வாங்கிட்டு மறுபடியுமா?" என்று பழைய உறுப்பினர்கள் சண்டைக்கு வந்தார்கள். நியாயம்தானே! அவர்களிடம் மூலநிதிக்கு என்று எழுதி வாங்கி நன்கொடையாகப் பெற்றோம். வருமான வரி விலக்குக்குப் பதிவுசெய்த சங்கம் வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவழித்துக் காட்ட வேண்டும். ஆனால் மூலநிதிக்கு என்று எழுதித் தந்த பணத்தை முதலாகவே வைத்துக்கொள்ளலாம். ஒரு துண்டுச் சீட்டு, அவ்வளவுதான். 1987-இல் அதைக்கூட யாரும் எழுதவில்லை.

போன வருடம் 140 பேரில் 61 பேர் கட்டினார்கள். சங்கக் கட்டடத்தின் முகப்புக்கு ஓடு மாற்றியாயிற்று. பின்கட்டுக்கு இன்னும் தார்ப்பாய்தான்.