ராத்திரி சாப்பிடாமலே சர்க்கரை ஏறுவது ஏன்? ஹார்மோன் மருத்துவரிடம் கேள்வி பதில்

கோபிச்செட்டிபாளையம்: ராத்திரி ரெண்டு இட்லிதானுங்க. படுக்கும்போது 130, விடிந்து பார்த்தால் 165. எப்படிங்க ஏறும்?

பதில்: உங்கள் கல்லீரல் கொடுத்த சர்க்கரை அது. சாப்பிட்டதும் கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கும். தசையும் கொழுப்பும் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். கல்லீரல் ஒரு பங்கைக் குதிரில் கம்பு கொட்டுவதுபோல கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கும். ராத்திரி அளவு இறங்கினால் அதே கணையத்தின் ஆல்ஃபா செல்கள் குளூகோகான் என்ற ஹார்மோனை அனுப்பும். உடனே கல்லீரல் சேமிப்பை அவிழ்க்கும், புதிதாகவும் குளுக்கோஸ் தயாரிக்கும். மூளைக்கு அது வேண்டும். விடிகாலையில் கார்ட்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் கூடி இன்சுலினை எதிர்க்கும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். மற்றவர்களுக்கு இன்சுலின் கொஞ்சம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும், உங்களுக்கு அது போதவில்லை. மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள். ஒரு வாரம் குறித்துவைத்து உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.

காங்கேயம்: கோபப்பட்டால் சர்க்கரை ஏறுமுங்களா?

பதில்: ஏறும். கோபத்தில் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோனின் வேலை அது.

தாராபுரம்: அம்மாவுக்குக் கால் விரலில் புண், ஆறவே இல்லைங்க.

பதில்: இங்கே கேட்க வேண்டியதல்ல. இன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

கவுந்தப்பாடி: நாங்களே காய்ச்சுகிற நாட்டுச் சர்க்கரைங்க, கலப்படமே கிடையாது. காபிக்குப் போடலாமில்லைங்களா?

பதில்: வேண்டாமுங்க. அதிலும் பெரும்பங்கு வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான்.

பொள்ளாச்சி: எங்க தாத்தா தினமும் வெல்லம் தின்றார், 90 வயது வரை இருந்தாருங்களே?

பதில்: தாத்தா ஏர் ஓட்டியிருப்பார். வேலை செய்யும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். அவர் தின்றதை மட்டும் எடுத்துக்கொண்டு உழைப்பை விட்டுவிட்டால் கணக்கு நேராகாது.

கவுந்தப்பாடி: நாட்டுச் சர்க்கரையில் இரும்புச் சத்து இருக்குதுங்களே!

பதில்: இருக்கட்டும். இரும்புக்கு முருங்கைக்கீரை சாப்பிடுங்கள். உங்கள் தொழிலைக் குறை சொல்லவில்லை. சர்க்கரை நோயாளியின் காபியைப் பற்றித்தான் பேசுகிறேன்.

ஈரோடு: கருப்பட்டி, தேன்?

பதில்: அதே பதில்தான். அளவு 70-க்குக் கீழே போய் வியர்த்து நடுங்கினால் மட்டும் சர்க்கரையே மருந்து: மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

அவிநாசி: பையனுக்கு முதல் வகைச் சர்க்கரைங்க. ஊசியை நிறுத்திவிட்டு நாட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள்.

பதில்: நிறுத்தவே கூடாது. அவன் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்துவிட்டன. ஊசி நின்றால் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறும். சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பட்டினி போட்டுத்தான் கொஞ்ச காலம் காப்பாற்ற முடிந்தது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.