மோட்டாரை மாற்றுமுன் தராசை எடுங்கள்
எலெக்ட்ரிக் ஆர்.சி. (ரிமோட்டில் இயக்கும்) மாடல் விமானம்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து வந்தவை. 'பவர் போதவில்லை' என்று எழுதியிருக்கும் எல்லோரும் தண்டையார்பேட்டை வாசகருக்கான பதிலை முதலில் படித்துவிடுங்கள். உங்களில் பலருக்கும் விடை அதிலேயே இருக்கிறது.

தண்டையார்பேட்டை வாசகர்: நானே செய்த ஹை-விங் டிரெய்னர் (இறக்கை உடம்புக்கு மேலே இருக்கும் பயிற்சி விமானம்). இறக்கை நீளம் 100 செ.மீ., அகலம் 18 செ.மீ. போர்டு எழுதும் கடையில் 3 மி.மீ. சன்போர்டு வாங்கி முழுவதையும் அதிலேயே செய்தேன். 2212 – 1000 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று) மோட்டார், 30 ஆம்பியர் இ.எஸ்.சி. (மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி), 10-க்கு 4.5 அங்குலப் புரொப்பெல்லர், 3 எஸ் (மூன்று செல்) 2200 எம்.ஏ.எச். லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி). மொத்த எடை 1250 கிராம். தரையில் நன்றாக ஓடுகிறது. கையால் எறிந்தால் கொஞ்ச தூரம் போய் ஒரு பக்கம் சாய்ந்து விழுகிறது. பெரிய மோட்டார் வாங்கலாமா?

பதில்: வேண்டாம், மோட்டார் மேல் குறை இல்லை. நீங்கள் சொன்ன கூட்டணி 3 எஸ் பேட்டரியில் ஏறத்தாழ 800 முதல் 900 கிராம் வரை இழுக்கும். 1250 கிராமுக்கு அது மூன்றில் இரண்டு பங்கு. வேகம் பிடித்துவிட்ட விமானத்துக்கு அந்த இழுவையே போதும். அந்த வேகத்துக்கு அது போய்ச் சேரவில்லை என்பதுதான் பிரச்சினை.

இறக்கைப் பரப்பு 18 சதுர டெசிமீட்டர். 1250-ஐ 18-ஆல் வகுத்தால் ஒவ்வொரு சதுர டெசிமீட்டரும் 69 கிராம் சுமக்கிறது. கற்றுக்கொள்பவரின் விமானத்துக்கு இது 30 முதல் 40 கிராமுக்குள் இருக்க வேண்டும். 69 கிராம் சுமையில் உங்கள் இறக்கை மணிக்கு 37 கி.மீ. வேகத்துக்குக் கீழே ஸ்டால் ஆகிவிடும், அதாவது தூக்குவிசையை இழந்துவிடும். கையால் எறிந்தால் கிடைப்பது 25, மிஞ்சினால் 30 கி.மீ. அதாவது கையை விட்டுக் கிளம்பும்போதே அது ஸ்டாலில்தான் இருக்கிறது. ஒரு பக்க இறக்கை முதலில் தூக்குவிசையை இழப்பதால் அந்தப் பக்கம் சாய்கிறது. இதே விமானம் 700 கிராம் இருந்தால் 28 கி.மீ. போதும். ஓட்டமாக நாலு எட்டு வைத்து எறிந்தால் ஏறிவிடும்.

எடை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மோட்டார் 50, இ.எஸ்.சி. 25, பேட்டரி 180, நான்கு 9 கிராம் சர்வோ (வால், இறக்கைப் பலகைகளை அசைக்கும் சிறு மோட்டார்) 36, ரிசீவர் 15, புரொப்பெல்லர், மவுண்ட், ஒயர் எல்லாம் சேர்த்து 40. ஆக 350 கிராமுக்குள் முடிந்துவிட்டது. சக்கரம், கம்பி, பசை, டேப்புக்கு 100 வையுங்கள். மீதி 800 கிராமும் போர்டுதான். போர்டு கடையில் கிடைக்கும் சன்போர்டு என்பது பி.வி.சி. நுரைத் தகடு. பெயர்ப்பலகைக்கு அருமையான பொருள், விமானத்துக்கு ஆகாது.

அடுத்த முறை எந்தத் தகடு வாங்கினாலும் கடையிலேயே 10-க்கு 10 செ.மீ. துண்டு ஒன்று கேட்டு வாங்கி, நகைக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பாருங்கள். 6 மி.மீ. டெப்ரான் (எடை குறைந்த நுரைத் தகடு) 2 முதல் 2.5 கிராம் காட்டும். காகிதம் ஒட்டிய 5 மி.மீ. ஃபோம் போர்டு 3 முதல் 6. உங்கள் சன்போர்டு 15-க்கு மேல் காட்டும். 4 கிராமுக்கு மேல் போனால் அந்தத் தகட்டை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இந்த ஒரு சோதனையை யாரும் செய்வதில்லை என்பது எங்களுக்குத் தீராத ஆதங்கம்.

டெப்ரானில் செய்யும்போது இறக்கைக்குள் 6 மி.மீ. கார்பன் குழாய் ஒன்றை நீளவாக்கில் பதித்துவிடுங்கள். ஃபெவிக்விக் டெப்ரானையும் தெர்மாகோலையும் கரைத்துவிடும், பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். விமானத்தின் உடம்புக்கு ஹாட் க்ளூ போதும், ஆனால் பசை முழுச் சூட்டில் இருக்கும்போது வைத்தால் தகடு உருகிக் குழி விழும். க்ளூ துப்பாக்கியின் பிளக்கைப் பிடுங்கி அரை நிமிடம் ஆறவிட்டு ஒட்டுங்கள். மோட்டார் ஏறும் பலகையை மட்டும் அரால்டைட்டில் ஒட்டுங்கள், மோட்டார் சூட்டில் ஹாட் க்ளூ இளகிவிடும். சமநிலைப் புள்ளி (விரலில் தாங்கினால் விமானம் சாயாமல் நிற்கும் இடம்) இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 45 முதல் 54 மி.மீ.க்குள் வர வேண்டும். முதல் நாள் 45-லேயே வையுங்கள்.

திருவொற்றியூர் வாசகர்: திராட்டிலை (மோட்டார் வேகத்தை) கூட்டினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக ஏறுகிறது. குறைத்தால் மூக்குக் குத்துகிறது. எலிவேட்டர் டிரிம் (வால் பலகையின் நிலையான சிறு திருத்தம்) வைத்துச் சரிசெய்ய முடியவில்லை.

பதில்: டிரிம் வைத்து முடியவே முடியாது. ஒரு திராட்டிலுக்குச் சரியாகும் டிரிம் இன்னொரு திராட்டிலுக்குத் தப்பாகும். ஹை-விங் விமானத்தில் மோட்டார் இறக்கைக்குக் கீழே இருந்து இழுக்கிறது. வேகம் கூடினால் தூக்குவிசையும் கூடி மூக்கு நிமிர்கிறது. மருந்து டவுன் திரஸ்ட், அதாவது மோட்டார் தண்டை 2 முதல் 3 டிகிரி கீழ்நோக்கிச் சாய்ப்பது. மோட்டார் மவுண்டின் மேல் திருகுகளுக்கும் பலகைக்கும் இடையே வாஷர் போடுங்கள். மேல் திருகுக்கும் கீழ்த் திருகுக்கும் இடைவெளி 20 மி.மீ. என்றால் 1 மி.மீ. வாஷர் ஏறத்தாழ 3 டிகிரி தரும். 40 மி.மீ. என்றால் 2 மி.மீ. வேண்டும். பின்னாலிருந்து பார்க்கும்போது இடப்பக்கத் திருகுகளுக்கும் இதில் பாதி போட்டால், திராட்டில் கூட்டும்போது இடப்பக்கம் இழுப்பதும் அடங்கும்.

அதன் பிறகும் தீரவில்லையா? சமநிலைப் புள்ளியைச் சந்தேகப்படுங்கள். நல்ல உயரத்தில் பாதி திராட்டிலில் நேராகப் பறக்கும்படி டிரிம் வையுங்கள். திராட்டிலைக் குறைத்து மூக்கை 30 டிகிரி இறக்கிவிட்டு ரிமோட் குச்சியை விடுங்கள். விருட்டென்று தானே நிமிர்ந்தால் மூக்குக் கனம், பேட்டரியை 5 மி.மீ. பின்னால் தள்ளலாம். நிமிராமல் இன்னும் செங்குத்தாகப் போனால் வால் கனம். உடனே இறக்கிப் பேட்டரியை முன்னால் தள்ளுங்கள்.

வியாசர்பாடி வாசகர்: மோட்டார் சுற்றாமல் 'கிர்கிர்' என்று இங்கும் அங்கும் துடிக்கிறது. சில நேரம் கையால் தள்ளிவிட்டால் ஓடுகிறது. மோட்டார் போய்விட்டதா?

பதில்: அநேகமாக இல்லை. மூன்று ஒயர்களில் ஒன்று தொடர்பில் இல்லை. முதலில் புரொப்பெல்லரைக் கழற்றுங்கள். பேட்டரியைப் பிரித்துவிட்டு, 3.5 மி.மீ. புல்லட் கனெக்டர் ஒவ்வொன்றின் மேலும் உள்ள சுருங்கும் டியூபை வெட்டிப் பாருங்கள். ஈயம் பளபளவென்று ஒயரில் இறங்கியிருக்காமல், சாம்பல் நிறத்தில் உருண்டையாக உட்கார்ந்திருந்தால் அதுதான் குற்றவாளி. 25 வாட் அயர்னில் இந்த வேலை நடக்காது, 60 வாட் வேண்டும். மரக்கட்டையில் துளை போட்டுப் புல்லட்டை நிறுத்தி, குழிக்குள் ஈயத்தை உருக்கிவிட்டு, முன்பே ஈயம் பூசிய ஒயரை உள்ளே இறக்குங்கள். ஈயம் உறையும்வரை அசைக்கக் கூடாது.

மோட்டார் ஒயரின் நீளத்தைக் குறைத்து வெட்டியிருந்தீர்கள் என்றால் வேறொரு சிக்கலும் உண்டு. சில மோட்டார்களில் வெளியே வருவதே சுற்றுக்கம்பிதான். அதன் மேல் எனாமல் பூச்சு இருக்கும். பிளேடால் ஒவ்வொரு இழையையும் சுரண்டினால்தான் ஈயம் பிடிக்கும்.

சரியானதும் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் மூன்றில் ஏதேனும் இரண்டு ஒயரை மாற்றிப் போடுங்கள். புரொப்பெல்லரில் எண் அச்சிட்ட முகம் விமானம் போகும் திசையைப் பார்க்க வேண்டும்.

ராயபுரம் வாசகர்: மார்ச்சில் வாங்கிய லைப்போ. தேர்வு வந்ததால் முழுச் சார்ஜில் பீரோ மேல் வைத்துவிட்டோம். ஜூனில் எடுத்தால் தலையணை மாதிரி உப்பியிருக்கிறது. ஊசியால் குத்திக் காற்றை எடுத்துவிடலாமா?

பதில்: கூடவே கூடாது! ஊசி உள்ளே இருக்கும் தகடுகளைத் தொட்டால் அந்த இடத்திலேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். உப்பிய பேட்டரி எவ்வளவு வோல்ட் காட்டினாலும் அதன் ஆயுள் முடிந்தது.

ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் என்ற முழுச் சார்ஜில், அதுவும் சென்னை வெயில்காலத்து அறைச் சூட்டில், மாதக்கணக்கில் இருந்தால் உள்ளே உள்ள திரவம் சிதைந்து வாயுவாகிறது. இரண்டு மூன்று நாளுக்குள் பறக்கவிடப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 முதல் 3.85 வோல்ட், அதாவது 3 எஸ்-க்கு மொத்தம் 11.4 முதல் 11.55 வோல்ட்டில் வையுங்கள். சார்ஜரில் 'ஸ்டோரேஜ்' என்ற தேர்வு இதற்குத்தான் இருக்கிறது. பறந்து இறங்கிய பிறகு செல் 3.7-க்குக் கீழே போகாதபடி நிறுத்துங்கள். 2200 எம்.ஏ.எச். பேட்டரியில் 80 சதவீதம் 1760 எம்.ஏ.எச். சராசரி 10 ஆம்பியர் இழுத்தால் பத்து நிமிடம் வரும். டைமரை எட்டில் வையுங்கள்.

உப்பியதை மொட்டை மாடியில், எரியக்கூடியது எதுவும் அருகில் இல்லாத இடத்தில் மணல் வாளிமேல் வைத்து, 12 வோல்ட் 21 வாட் வண்டி பல்பை இணையுங்கள். கூடவே இருந்து, பல்பு முற்றிலும் அணைந்த பின்னும் சில மணி நேரம் விடுங்கள். முனைகளுக்கு டேப் சுற்றி மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். வீட்டுக் குப்பையில் போட்டால் அது கொடுங்கையூர் குப்பை மேட்டுக்குத்தான் போகும். அங்கே ஏற்கெனவே பிடிக்கும் தீ போதாதா?

புதிய 2200 எம்.ஏ.எச். பேட்டரியை 2.2 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் செய்யாதீர்கள். கட்டில், பாய், பிளாஸ்டிக் நாற்காலி மேல் வேண்டவே வேண்டாம். சிமென்ட் தரையில் ஒரு மண்சட்டிக்குள் வைத்து, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள்.

காசிமேடு வாசகர்: கடற்கரையில் பறக்கவிடலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: துறைமுகத்தை ஒட்டி வேண்டாம். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் பொழுதுபோக்கு மாடலுக்கும் பொருந்தும். 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. வணிக நோக்கம் இல்லாமல் மைக்ரோ ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் இடம் முக்கியம். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை போகலாம். மஞ்சளுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அனுமதி வேண்டும். சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். வடசென்னையில் துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம் என்று அடுத்தடுத்து இருப்பதால், ட்ரோன் மண்டல வரைபடத்தில் உங்கள் இடத்தைப் பார்க்காமல் பேட்டரியை மாட்டாதீர்கள். காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும் நல்லது.

கடல் மணலும் ஒரு தொல்லை. அதில் உள்ள கருமணல் துகள் மோட்டாரின் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். மோட்டார் கிண்ணத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் 'சரசர' என்று உரசும். இடைவெளியில் டார்ச் அடித்தால் காந்தத்தின்மேல் கறுப்பாக மயிர்போல நிற்பது தெரியும். ஊதினால் போகாது. கிண்ணத்தைக் கழற்றி, ஒட்டும் டேப்பை அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். உப்புக்காற்றில் பேரிங் துருப்பிடிக்கும், தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள்.

எங்கே பறக்கவிட்டாலும் காலை 6 முதல் 8 வரைதான் நல்ல நேரம். கடற்காற்று எழுந்துவிட்டால் 700 கிராம் விமானம் தத்தளிக்கும். மைதானத்தில் பந்தாட ஆள் வந்துவிட்டால் இறக்கிவிடுங்கள், இடம் அவர்களுடையதும்தான். காத்தாடி பறக்கும் பக்கம் போகவே வேண்டாம். தடை இருந்தும் மாஞ்சா நூல் இன்னும் மரத்துக்கு மரம் தொங்குகிறது. அது புரொப்பெல்லரில் சுற்றினால் மோட்டார் நின்றுவிடும், இ.எஸ்.சி. எரியும்.

பெரம்பூர் மாணவி: விமானம் என்னை நோக்கி வரும்போது இடது வலது குழம்பிவிடுகிறது.

பதில்: உன்னை நோக்கி வரும்போது, உன் கண்ணுக்கு எந்தப் பக்க இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளு. இறக்கை சமமாகிவிடும். இதைக் கணினி சிமுலேட்டரில் கை பழகும்வரை செய். யோசிக்க நேரம் எடுக்கிறது என்றால் இன்னும் பழகவில்லை என்று பொருள்.

கொருக்குப்பேட்டை வாசகர்: முதல் முறை பறக்கவிடுமுன் கட்டாயம் பார்க்க வேண்டியது?

பதில்: வலப்பக்கம் குச்சி தள்ளினால் வலது எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) மேலே வர வேண்டும். குச்சியைத் தன்பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே போக வேண்டும். இவை தலைகீழாக இருந்து உடைந்த விமானங்கள் ஏராளம். அடுத்தது ஃபெயில்சேஃப், அதாவது ரிமோட் தொடர்பு அறுந்தால் மோட்டார் தானே நிற்பது. ரிமோட் மெனுவில் திராட்டில் பூஜ்யம் என்று பதிந்தபின், புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டாரை மெல்ல ஓடவிட்டு ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் உடனே நிற்க வேண்டும். நின்றால் ரிமோட்டை மறுபடி போட்டு, திராட்டில் கீழே இருக்கிறதா என்று பார்த்து, பேட்டரியைப் பிரித்த பிறகே புரொப்பெல்லரை மாட்டுங்கள்.