ட்ரோலிங் மோட்டாருக்கு எந்த பேட்டரி? சில கேள்விகள், என் பதில்கள்

மினசோட்டாவில் 14 அடி அலுமினியப் படகு வைத்திருக்கிறேன். ஏரிகளில் மீன் பிடிக்க சத்தமில்லாமல் மெதுவாக நகர்த்தும் சின்ன மின்சார மோட்டார்தான் ட்ரோலிங் மோட்டார். அதற்கு பேட்டரி வாங்குவது பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (ராசெஸ்டர்): அண்ணா, 55 பவுண்டு த்ரஸ்ட் (தள்ளு விசை) மோட்டார் வாங்கியிருக்கிறேன். முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்குமாம். 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி போட்டால் 2 மணி நேரம் ஓடும், சரிதானே?

பதில்: லித்தியம் என்றால் ஏறக்குறைய சரி. ஈய-அமில பேட்டரி என்றால் அந்தக் கணக்கு தப்பு, தம்பி. அதன் மேல் போட்டிருக்கும் 100 என்பது 20 மணி நேரக் கணக்கு. 5 ஆம்பியராக மெதுவாக இழுத்தால்தான் அந்த 100 முழுதாகக் கிடைக்கும். 50 ஆம்பியராக உறிஞ்சினால் உள்ளே நடக்கும் ரசாயன வினை ஈடுகொடுக்காது, கொள்ளளவே சுருங்கிவிடும். ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதே பெரிது. அதோடு, சார்ஜைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பேட்டரியின் ஆயுளும் சீக்கிரம் போய்விடும்.

ஆனால் நாள் முழுக்க யாரும் முழு வேகத்தில் ஓட்டுவதில்லை. வேகம் பாதியானால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். ஐந்து நிலை சுவிட்ச் உள்ள பழைய வகை மோட்டார்கள் குறைந்த வேகத்திலும் கொஞ்சம் மின்சாரத்தை வெப்பமாக வீணாக்கும். வேகத்தைப் படிப்படியாக இல்லாமல் சீராகத் திருகும் வகை என்றால் மிச்சம் நன்றாகத் தெரியும். மீன் பிடிக்கும் வேகத்தில் என் மோட்டார் 15 ஆம்பியர் பக்கத்தில்தான் எடுக்கிறது. பேட்டரியில் 80 ஆம்பியர்-ஹவரைப் பயன்படுத்த முடிந்தால் 5 மணி நேரம் வரும். முதலில் உங்கள் மோட்டார் எவ்வளவு இழுக்கிறது, எத்தனை மணி நேரம் தண்ணீரில் இருப்பீர்கள் என்று பாருங்கள். கடைக்கு அப்புறம் போகலாம்.

கேள்வி (சிகாகோ): வீட்டில் கார் பேட்டரி ஒன்று சும்மா கிடக்கிறது. அதை மாட்டலாமா?

பதில்: வேண்டாம். காரை ஸ்டார்ட் செய்ய சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் தர வேண்டும், அதற்காக அதில் மெல்லிய தகடுகளை நெருக்கமாக அடுக்கியிருப்பார்கள். ஆழமாக இறக்கி ஏற்றினால் அவை உதிர்ந்துவிடும். ஆழமாக இறக்கி ஏற்றுவதற்கென்றே செய்த டீப் சைக்கிள் பேட்டரியில் தகடுகள் தடிமனாக இருக்கும்.

கேள்வி (டல்லாஸ்): லித்தியத்துக்கு இவ்வளவு விலை கொடுப்பது உண்மையிலேயே தகுமா சார்?

பதில்: வருடத்துக்கு நாலைந்து முறை மட்டும் போகிறவருக்கு ஒரு நல்ல ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி நார் விரிப்பில் உறிஞ்சவைத்து மூடிய ஈய-அமில பேட்டரி) போதும். அதில் அமிலம் கொட்டாது, பராமரிப்பும் இல்லை. வாராவாரம் போகிறவர் என்றால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் (இங்கே லித்தியம் என்று நான் சொல்வது இதைத்தான்) வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன். 100 ஆம்பியர்-ஹவர் ஏஜிஎம் 30 கிலோ பக்கம் வரும். லித்தியம் 11, 12 கிலோதான். சின்னப் படகில் அந்த வித்தியாசம் ஒரு சிறுவனின் எடை. ஏஜிஎம் சில நூறு முறை ஏற்றி இறக்கத் தாங்கும், லித்தியம் ஆயிரக்கணக்கில். விலையும் சில வருடங்களாக இறங்கித்தான் வந்திருக்கிறது.

லித்தியம் வாங்கும்போது உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்ற காவல் சுற்று தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரும் என்று பாருங்கள். 50 ஆம்பியர் மோட்டாருக்கு 100 ஆம்பியர் பிஎம்எஸ் இருந்தால் நிம்மதி.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஈய-அமில பேட்டரி தீரும்போது மோட்டார் சோர்ந்துபோய் நமக்குச் சொல்லிவிடும். லித்தியம் கடைசி வரை ஒரே தெம்பில் ஓடிவிட்டு சட்டென்று நின்றுவிடும்.

கேள்வி (டொராண்டோ): அப்படியானால் எவ்வளவு மீதி இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? வோல்ட் மீட்டர் போதாதா?

பதில்: ஈய-அமிலத்துக்குப் போதும். மோட்டாரை நிறுத்தி சற்று நேரம் விட்டு அளந்தால் 12.7 வோல்ட் முழுமை, 12.2 பாதி. லித்தியத்தில் பாதி போன பிறகும் 13.2 பக்கத்திலேயே நிற்கும். அதற்கு, போகும் ஆம்பியரை எண்ணிக்கொண்டே இருக்கும் ஷன்ட் மீட்டர் வேண்டும்.

மீட்டர் இருந்தாலும், போக மூன்றில் ஒரு பங்கு, திரும்ப ஒரு பங்கு, காற்றுக்கு ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரி 1,32,000 ஏக்கர் பரப்பு, ஆழமோ அதிகபட்சம் 42 அடிதான். காற்றடித்தால் நொடியில் அலை எழும்பிவிடும். ஒரு முறை அங்கே என் மகளோடு போயிருந்தேன், அவளுக்கு அப்போது எட்டு வயது. காற்றின் போக்கிலேயே சுகமாகப் போய்விட்டு, திரும்பும்போது எதிர்க்காற்றில் முழு வேகம் கொடுத்தேன். பழைய பேட்டரி பாதி வழியில் படுத்துவிட்டது. இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்டேன். அவள் வாயே திறக்காமல் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து காலையில் காற்றுக்கு எதிராகத்தான் கிளம்புகிறேன்.

கேள்வி (அட்லாண்டா): 24 வோல்ட் மோட்டாருக்கு இரண்டு 12 வோல்ட் பேட்டரியை இணைக்கலாமா?

பதில்: சீரிஸாக, அதாவது ஒன்றின் பாசிட்டிவை மற்றதன் நெகட்டிவோடு, இணைக்கலாம். இரண்டும் ஒரே வகை, ஒரே அளவு, ஒரே வயதாக இருக்க வேண்டும். லித்தியம் என்றால் சீரிஸ் இணைப்புக்கு அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள். எதுவானாலும் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே, மின்சாரம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் பிரேக்கர் வையுங்கள். 50 ஆம்பியர் மோட்டாருக்கு 60 ஆம்பியர் பிரேக்கரும் 6 கேஜ் (தடிமன் அளவு) செம்பு வயரும். வயர் மெலிந்தால் சூடேறும், தீப்பிடிக்கும். இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேள்வி (மினியாபொலிஸ்): குளிர்காலத்தில் பேட்டரியை கராஜிலேயே விடலாமா?

பதில்: ஈய-அமிலம் என்றால் முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு விடலாம். காலியாக விட்டால் அமிலம் நீர்த்து உறைந்து ஓடு வெடிக்கும். லித்தியத்தைப் பாதி சார்ஜில் வீட்டுக்குள் வையுங்கள். உறைநிலைக்குக் கீழே லித்தியத்தை ஒருபோதும் சார்ஜ் செய்யக்கூடாது, செல் நிரந்தரமாகக் கெடும்.

கேள்வி (சென்னை): கயாக்கில் 30 பவுண்டு மோட்டார் மாட்டியிருக்கிறேன் அண்ணா. வீட்டில் 150 ஆம்பியர்-ஹவர் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கிறது. ஆழமாக இறக்கினாலும் தாங்கும் என்கிறார்களே?

பதில்: தாங்கும் என்பது உண்மைதான். வீட்டு மூலையில் அசையாமல் நிற்க அது அருமையான பேட்டரி. ஆனால் உயரமானது, 50 கிலோவுக்கு மேல் கனம், உள்ளே திரவ அமிலம். கயாக்கில் வைத்தால் கவிழ்க்கும், சாய்ந்தால் அமிலம் வழியும். உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்தால் குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து வேண்டாம்.

உங்கள் மோட்டார் 30 ஆம்பியர்தான் இழுக்கும். 50 ஆம்பியர்-ஹவர் லித்தியம் 6 கிலோ அளவில் கிடைக்கும். நீர் புகாத பெட்டியில் போட்டு இருக்கைக்குப் பின்னால் தாழ்வாக வைத்துப் பட்டையால் கட்டிவிடுங்கள். கடலுக்குப் போய் வந்தால் முனைகளை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் வாசலின் தடவுங்கள். துடுப்பையும் லைஃப் ஜாக்கெட்டையும் மறந்துவிடாதீர்கள்.