ஈசிஇ படித்த பெண்ணுக்கு மூளையோடு என்ன வேலை?

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், அப்புறம் பி.இ. ஈசிஇ (எலெக்ட்ரானிக்ஸ்). 2 வருடமாகச் சென்னையில் ஐ.டி. வேலை. இப்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு நியூரோசயின்ஸில் (மூளை, நரம்பு பற்றிய அறிவியலில்) பிஎச்.டி. செய்யப் போகிறாளாம். உயிரியலே படிக்காதவளைச் சேர்த்துக்கொள்வார்களா? முடித்தால் மூளை டாக்டரா? எலிப்பொறி வைத்தாலே அழுகிறவள் இவள். வரன் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறோம். குழப்பமாக இருக்கிறது.
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சேர்த்துக்கொள்வார்கள். முடித்தால் முனைவர் பட்டம் கிடைக்கும். மருந்துச் சீட்டு எழுத முடியாது. சொந்தக்காரர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு தலைவலிக்கு மாத்திரை கேட்டு வருவார்கள்.

நரம்பு செல் வேலை செய்வதே மின்சாரத்தால்தான். அதன் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் சுமார் 70 மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும். 1952-ல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் கணவாய் மீனின் தடித்த நரம்பில் அளந்து பார்த்து, அந்த மின்துடிப்பு எப்படிப் பிறக்கிறது என்பதைச் சமன்பாடுகளாக எழுதினார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் அப்போது கிடைக்காததால், கையால் சுற்றும் கணக்குப்பொறியில் ஹக்ஸ்லி நாள்கணக்கில் கணக்குப் போட்டார். 1963-ல் நோபல் பரிசு வந்தது. அவர்கள் வரைந்த படத்தை உங்கள் மகளிடம் காட்டுங்கள்: ஒரு கெப்பாசிட்டர், சில ரெசிஸ்டர்கள், பேட்டரிகள். கல்லூரியில் அவள் போட்ட சர்க்யூட்தான்!

இன்னொன்று. மூளையின் மின்சாரத்தை அளக்கத் தலையில் மின்முனைகளை ஒட்டி எடுக்கும் ஈஈஜியில் வரும் சிக்னல் சில பத்து மைக்ரோவோல்ட்தான். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதைச் சுலபமாக விழுங்கிவிடும். புதிதாகச் சேர்ந்த மாணவர் மூளையைப் பார்ப்பதற்கு முன், எந்த டியூப்லைட்டிலிருந்து இரைச்சல் வருகிறது, எந்த ஒயருக்கு எர்த் சரியில்லை என்று தரையில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருப்பார். அந்த இடத்தில் உயிரியல் படித்தவர்கள் விழிப்பார்கள், உங்கள் பெண் விழிக்க மாட்டாள்.

அதற்காக உயிரியலே வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. செல், புரதம், மூளையின் பகுதிகள் இதெல்லாம் அவள் உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும். முதல் வருடப் பாடங்கள் கசக்கத்தான் செய்யும்.

எலி விஷயம் சின்னதில்லை. ஒரு செல்லின் மின்சாரத்தை அளக்க எலி மூளையை மெல்லிய சீவலாக வெட்டி, ஆக்சிஜன் குமிழிடும் உப்புக் கரைசலில் போட்டு, நுனி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே இருக்கும் கண்ணாடிக் குழாயை செல்லின்மேல் ஒட்ட வைக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் செல்கள் செத்துவிடும், மறுநாள் இன்னொரு எலி. இது அவளால் முடியாது என்றால் முடியாதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. மனிதர்களிடம் ஈஈஜி எடுக்கும் ஆய்வும், முழுக்கக் கணக்கும் கம்ப்யூட்டருமான ஆய்வும் தனியாக இருக்கின்றன. எந்த வழி என்பதை விண்ணப்பிக்கும் முன்பே அவள் தீர்மானித்துவிடட்டும். நேர்முகத் தேர்வில் "மூளை பிடிக்கும்" என்றால் எடுபடாது; எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறாள் என்றுதான் துருவுவார்கள்.

பெங்களூரில் ஐ.ஐ.எஸ்சி., நிம்ஹான்ஸ், என்.சி.பி.எஸ். ஆகிய ஆராய்ச்சி நிறுவனங்கள், ஹரியானாவில் மானேசர் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் நுழைவு விதி வேறு. ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. ஐ.டி. சம்பளத்தைவிடக் குறைவாகவே இருக்கலாம். ஐந்தாறு வருடம் இழுக்கும்.

வேலையை இன்றைக்கே விட வேண்டியதில்லை. பிடித்த ஆய்வகத்துக்கு எழுதி, சில மாதம் புராஜெக்ட் உதவியாளராக இருக்க முடியுமா என்று கேட்கட்டும். அந்த எர்த் ஒயரைத் தேடும்போதும் சலிக்கவில்லை என்றால் ராஜினாமாக் கடிதம் எழுதட்டும்.

வரன் பற்றி என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? அவளிடம் கேளுங்கள்.