ஒரு சதவீதக் கணக்கு ஏன் எடுபடாது?

கேள்வி: பல் கிளினிக்குகளுக்கான அப்பாயின்ட்மென்ட் மென்பொருள் தயாரிக்கிறோம். 'மொத்தச் சந்தையில் 1 சதவீதம் பிடித்தாலே போதும்' என்று திட்டத்தில் எழுதியிருந்தோம். முதலீட்டாளர் ஏற்கவில்லை. சந்தையை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: அந்த 1 சதவீதம் யார் யார் என்று உங்களால் சொல்ல முடியாது, அதுதான் சிக்கல். ஆய்வறிக்கைகள் தரும் மொத்தத் தொகையில் நீங்கள் விற்கவே போகாத கருவிகளும் சேவைகளும் கலந்திருக்கும். கீழிருந்து கூட்டுங்கள். கிளினிக்குகள் 8,000 என்று வைத்துக்கொள்வோம். கணினியில் பில் போடுபவை 4,000. அவற்றில் உங்கள் மென்பொருளில் உள்ள மொழியைப் பயன்படுத்துபவை 1,500. இதை ஆண்டுக் கட்டணத்தால் பெருக்குங்கள். நீங்கள் எட்டக்கூடிய சந்தை அவ்வளவுதான்.

கட்டணத்தை ஊகிக்க வேண்டாம். 20 கிளினிக்குகளிடம் இந்த வேலைக்கு இப்போது என்ன செலவாகிறது என்று கேளுங்கள். 'வாங்குவீர்களா?' என்றால் மரியாதைக்காக ஆமாம் என்பார்கள். முன்பணம் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

விற்பனையாளர் ஒருவர் வாரம் 10 டெமோ காட்டி, பத்தில் ஒருவர் வாங்கினால் ஆண்டுக்குச் சுமார் 50 வாடிக்கையாளர்கள். முதல் ஆண்டிலேயே 300 என்று எழுதினால், 6 விற்பனையாளர்களின் சம்பளமும் செலவுக் கணக்கில் இருக்க வேண்டும்.