ஏழாம் வகுப்புக்கு எகிப்து முழுசும் எதற்கு?

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பழங்கால நாகரிகங்கள் பற்றி ஆய்வுக் கட்டுரை கேட்டேன். பாதிப் பேர் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள், மீதிப் பேர் பாடப்புத்தகத்தை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார்கள். இவர்களை எப்படி ஆய்வு செய்ய வைப்பது?

பதில்: டீச்சர், பிள்ளைகளைத் திட்டாதீர்கள், தலைப்பு அவ்வளவு பெரிது. 'எகிப்து நாகரிகம்' என்று கொடுத்தால் அது மூவாயிரம் வருடக் கதை, பன்னிரண்டு வயசுப் பிள்ளை காப்பி அடிக்காமல் வேறு என்னதான் செய்யும்? தலைப்பைக் கேள்வியாக்குங்கள், அந்தக் கேள்வியையும் சுருக்கிச் சுருக்கி ஒரு பிள்ளையால் ஆதாரம் காட்டிப் பதில் சொல்ல முடிகிற அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிரமிடு கட்டினவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? கீசாவில் அந்த வேலையாட்கள் குடியிருந்த ஊரையே தோண்டி எடுத்திருக்கிறார்கள், ரொட்டி சுட்ட இடமும் ஆடு மாட்டு எலும்புகளும் கிடைத்திருக்கின்றன, அதை வைத்தே பதில் எழுதலாம். மொகஞ்சதாரோவில் குளித்த தண்ணீர் வீட்டைவிட்டு எந்த வழியாகப் போனது? இதுவும் நல்ல கேள்விதான், சாக்கடையின் செங்கல் இன்னும் இருக்கிறது.

சேட்டைக்காரப் பையன்களுக்கு மெசொப்பொத்தேமியாவைக் கொடுங்கள். ஊர் என்ற நகரத்தில் கிடைத்த ஒரு களிமண் பலகை, கி.மு. 1750 வாக்கில் எழுதினது, இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. நன்னி என்பவன் ஏ-நாசிர் என்ற செம்பு வியாபாரிக்கு எழுதின புகார்க் கடிதம் அது: நல்ல செம்பு தருகிறேன் என்று சொல்லிவிட்டு மட்டமான சரக்கைக் காட்டினாய், என் ஆளையும் மரியாதையில்லாமல் நடத்தினாய் என்று பொரிந்து தள்ளியிருக்கிறான். இதைப் படிக்கிற பிள்ளை செம்பு எங்கிருந்து வந்தது, எதற்கு வாங்கினான், களிமண்ணில் ஏன் எழுதினார்கள் என்று தானே கேட்க ஆரம்பிக்கும். அதுதான் ஆய்வு.

நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். இடது பக்கம் 'என்ன தெரிந்தது', வலது பக்கம் 'எப்படித் தெரியும்'. வலது பக்கம் காலியாக இருந்தால் இடது பக்கத்து வரி கட்டுரைக்குள் போகக் கூடாது, அவ்வளவுதான் விதி. செல்போனில் தேடட்டும், தப்பில்லை, ஆனால் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் வாயால் சொல்லிவிட்டு அப்புறம் எழுத வேண்டும். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று கடைசியில் குறிக்கச் சொல்லுங்கள், போதும். சார்ட், கலர் பேனா, பார்டர் இதற்கெல்லாம் மார்க் போடாதீர்கள். அது பெற்றோருக்குப் போடுகிற மார்க்.

இன்னொன்று, உங்களுக்குப் பக்கத்திலேயே பானை செய்கிற காருகுறிச்சி இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் தோண்டி எடுத்த ஆதிச்சநல்லூர்ப் பானைகளில் உள்ளேயும் வாயோரமும் கறுப்பு, வெளியே சிவப்பு என்று ஒரு வகை உண்டு. ஒரே பானையில் இரண்டு நிறம் எப்படி வந்தது என்று ஒரு குழுவைக் காருகுறிச்சிக்கு அனுப்பி, சூளை போடுகிறவரிடமே கேட்கச் சொல்லுங்கள். கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளே காற்று போகாது, அந்த இடம் கறுத்துவிடும், காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படுகிற விளக்கம். பிள்ளைகள் அதைப் பானைக்காரரிடம் சரிபார்த்து அவர் சொன்னதையும் சேர்த்து எழுதினால், எந்த பிரவுசிங் சென்டரிலும் அந்தப் பக்கம் கிடைக்காது. ஆதிச்சநல்லூருக்கும் கூட்டிப் போங்கள். தோண்டின குழிகளை அப்படியே விட்டு மேலே கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள், இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழி, கிடந்த நிலையிலேயே தெரியும். அந்த மேட்டில் கிடக்கிற ஓட்டாஞ்சில்லைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொள்ள மட்டும் விடாதீர்கள். 1876-இல் யாகோர் என்ற ஜெர்மானியர் இங்கிருந்து எடுத்த பொருள்கள் பெர்லினுக்கே போய்விட்டன, 1899-இல் தொடங்கி அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் போயின. மிச்சமிருப்பதாவது இருந்த இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: சிவகளை இரும்பு 5,300 வருடம் பழையது என்று என் மகன் எழுதியிருந்தான். ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். யார் சரி?

பதில்: உங்கள் மகன் முக்கால்வாசி சரி. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசின் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில் கி.மு. 3345 என்ற காலம் இருக்கிறது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் காலம் கணித்தது இரும்பை அல்ல, இரும்போடு சேர்ந்து கிடைத்த கரியை. அதே சிவகளைக்கு 2021-இல் அறிவித்த கி.மு. 1155 என்பது ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கான காலம். இரண்டும் வேறு வேறு பொருள், ஒன்றை ஒன்று பொய்யாக்காது. 'இரும்புப் பொருள்களோடு கிடைத்த கரியின் காலம் கி.மு. 3345 என்று தொல்லியல் துறை சொல்கிறது' என்று மாற்றி எழுதி மறுபடி நீட்டச் சொல்லுங்கள். அப்போதும் சுழித்தால் ஏன் என்று மரியாதையாகக் கேட்கட்டும்.

கேள்வி: சிந்துவெளி மக்கள் தமிழ் பேசினார்கள் என்று என் கட்டுரையில் எழுதலாமா? (எட்டாம் வகுப்பு மாணவி, அம்பாசமுத்திரம்)

பதில்: எழுதாதேம்மா, இப்போதைக்கு. சிந்துவெளி முத்திரைகளில் இருக்கிற எழுத்தை எல்லோரும் ஒத்துக்கொள்கிற மாதிரி இன்னும் யாரும் படிக்கவில்லை. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் 1977-இல் தொகுத்த பட்டியலில் 417 குறியீடுகள் இருக்கின்றன, ஆனால் ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்து குறிதான் வருகிறது, அதனால்தான் இத்தனை திணறல். அது திராவிட மொழியாக இருக்கலாம் என்று அவரும் பின்லாந்துக்காரர் அஸ்கோ பர்போலாவும் வாதாடியிருக்கிறார்கள், அதை அவர்கள் பெயரோடு தாராளமாக எழுது. படித்துக் காட்டுகிறவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசு அறிவித்திருப்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள், வகுப்பில் வாசிக்கும்போது பின்பெஞ்சுக்காரர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.